காசின் விலையும் சான்றின் மதிப்பும்: சங்ககால நாணயங்களைச் சந்தை வழியே அறிந்ததன் விளைவுகள்

1. கேள்வி

பழங்காசு ஒன்று கைக்கு வந்ததும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இது யார் வெளியிட்டது? இது என்ன விலை பெறும்? சேகரிப்பாளர் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறார், அதில் தவறில்லை. ஆனால் முதல் கேள்விக்கான விடையைத் தருகிற தடயங்களும் இரண்டாவது கேள்விக்கான விடையைத் தீர்மானிக்கிற காரணங்களும் ஒத்துப்போகின்றனவா என்பதை நம் நாணயவியல் எழுத்துகள் போதிய அளவு ஆராயவில்லை. சங்ககாலத் தமிழ் வேந்தர்களின் காசுகளை முன்வைத்து அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தக் காசுகளைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. இவற்றில் பெரும்பகுதி அகழாய்வுக் குழிகளிலிருந்து வரவில்லை. ஆற்றுமணலை அரித்தவர்கள், பழைய உலோகம் வாங்குவோர், காசு வணிகர்கள், சேகரிப்பாளர்கள் என்ற வரிசையில் கைமாறியே ஆய்வுலகுக்கு வந்தன. ஒரு பொழுதுபோக்கு, ஒரு காலகட்டத்தின் வரலாற்றுக்கே அடிப்படைச் சான்றைத் திரட்டித் தந்திருக்கிறது. அதே பொழுதுபோக்கு உருவாக்கிய சந்தை அந்தச் சான்றின் அடித்தளத்தை அரித்தும் இருக்கிறது. இரண்டும் உண்மை என்பதே என் நிலைப்பாடு.

2. சேகரிப்பாளர்கள் போட்ட பாதை

தென்னிந்திய நாணயவியல் தொடக்கம் முதலே சேகரிப்பாளர்களின் துறையாக இருந்துவந்துள்ளது. காலின் மெக்கன்சி சுவடிகளோடும் கல்வெட்டுப் படிகளோடும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட காசுகளைத் திரட்டினார். வால்டர் எலியட் சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்தவர். தென்னிந்தியக் காசுகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1880களின் நடுவில் வெளிவந்தது. வேலூரில் இருந்த டேனிஷ் பாதிரியார் லோவந்தால் 1888இல் திருநெல்வேலிக் காசுகளைத் தொகுத்து வெளியிட்டார். மறு ஆண்டு, படைத்துறையைச் சேர்ந்த டஃப்னெல் தென்னிந்தியக் காசு சேகரிப்பாளர்களுக்கான குறிப்புகளை நூலாக்கினார். அன்றே அப்படி ஒரு கையேட்டுக்கு வாசகர்கள் இருந்திருக்கிறார்கள். பிறகு தேசிகாச்சாரி, பிடல்ஃப், சட்டோபாத்யாயா, மிட்சினர் என்று வரிசை நீள்கிறது.

இவர்களில் முற்பட்டவர்கள் யானையும் மீனும் பொறித்த சதுரச் செப்புக் காசுகளை நன்கு அறிந்திருந்தார்கள். மீன் இருப்பதால் பாண்டியருடையது என்றும் சொன்னார்கள். ஆனால் எழுத்தில்லாத காசை எந்த நூற்றாண்டில் வைப்பது? சங்க இலக்கியம் பாடும் வேந்தர்கள் காசு வெளியிட்டார்களா என்ற ஐயம் 1980கள் வரை தீரவில்லை. பெயர் பொறித்த ஒரு காசுகூட அடையாளம் காணப்படாத நிலையில் அந்த ஐயம் நியாயமானதே.

அந்நிலையை மாற்றியவர் ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. 1980களின் நடுவில், ஒருபுறம் குதிரையும் தமிழ்-பிராமியில் ‘பெருவழுதி’ என்ற பெயரும், மறுபுறம் கோட்டுருவ மீனும் கொண்ட சதுரச் செப்புக் காசை அவர் அடையாளம் கண்டு வெளியிட்டார். தொடர்ந்து ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’ என்ற பெயர்களோடு தலை உருவம் பொறித்த சேரர் வெள்ளிக் காசுகள், கொல்லிப்பொறை, கொல்லிரும்பொறை பெயர்கள் பொறித்தவை, திருக்கோவலூர்ப் பக்கத்து மலையமான் காசுகள் ஆகியன அறியப்பட்டன. சங்ககாலத் தமிழ்க் காசுகள் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1997இல் வந்தது. இன்று பள்ளிப் பாடநூல் எழுதுபவர்கூடச் சங்க வேந்தர் காசு வெளியிட்டதை ஐயமின்றி எழுத முடிவதற்கு அந்த உழைப்பே காரணம். பல்கலைக்கழகமோ தொல்லியல் துறையோ கேட்காமல், ஓர் இதழாசிரியர் தம் கைப்பொருளைச் செலவிட்டுச் செய்த பணி அது. அதை மறந்துவிட்டுச் சேகரிப்பாளர்களைக் குற்றவாளிகளாகப் பேசும் போக்கு எனக்கு ஏற்புடையதன்று.

3. பெயர் சொல்வதும் சொல்லாததும்

பெயர் கிடைத்தவுடன் அடையாளம் காணும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கத் தோன்றும். பெருவழுதி காசையே எடுத்துக்கொள்வோம். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, கானப்பேரெயில் கடந்த உக்கிரப் பெருவழுதி, வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி என்று அப்பெயர் தாங்கியவர் பலர். காசில் அடைமொழி ஏதுமில்லை. குதிரை உருவத்தைக் கொண்டு வேள்வி செய்த முதுகுடுமியோடு இணைக்க விரும்புவோர் உண்டு. குதிரை வேள்விக்கு மட்டும் உரிய விலங்கா என்ற எதிர்க்கேள்விக்கு அவர்களிடம் உறுதியான விடை இல்லை. அதேபோல் மாக்கோதை என்ற பெயரைப் படித்ததும் புறநானூற்றுப் புலவர் வரிசையில் இடம்பெறும் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை நினைவுக்கு வருகிறார். நினைவுக்கு வருவதும் நிறுவப்படுவதும் வேறு.

எழுத்தமைதியைக் கொண்டு காலம் கணிக்கலாம் என்பர். இங்கே ஒரு சுழற்சி ஒளிந்திருக்கிறது. தமிழ்-பிராமியின் வளர்ச்சிப் படிகளுக்கான கால வரையறையே ஓரிரு நூற்றாண்டு முன்பின்னாக விவாதிக்கப்படுகிறது. எழுத்தைக் கொண்டு காசுக்குக் காலம் சொல்லி, பிறகு அக்காசையே எழுத்தின் காலத்துக்குச் சான்றாக வைத்தால், இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. கீழே தரை இல்லை.

மாக்கோதை காசின் நிலை சற்றுத் திடமானது. அதிலுள்ள தலை உருவம் உரோமானிய வெள்ளிக் காசுகளைப் பார்த்துப் பழகிய கையின் வேலை. அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளிக் காசுகள் கொங்கு நாட்டில் ஏராளமாகப் புழங்கிய பிறகே இப்படி ஒரு காசு பிறந்திருக்க முடியும். ஆக, கி.பி. முதல் நூற்றாண்டுக்கு முன் அதைக் கொண்டுபோவது கடினம். இந்த முடிவைத் தருவது காசிலுள்ள பெயரன்று. வெளியிலிருந்து கிடைக்கும் ஒப்பீடு.

வெளிச்சான்றின் வலிமையைக் காட்ட ‘சேது’ காசுகளைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஒருபுறம் நிற்கும் மனித உருவம்; மறுபுறம் படுத்திருக்கும் நந்தி, அதன் கீழே தெளிவான தமிழில் ‘சேது’. படிப்பதில் யாருக்கும் சிக்கல் இல்லை. இராமேசுவரத்துச் சேதுவைக் காத்தவர்கள் சேதுபதிகள். எனவே இராமநாதபுரத்துக் காசு என்ற முடிவு எளிதாக வந்தது. ஆனால் இவை யாழ்ப்பாணத் தீபகற்பத்திலும் இலங்கையின் வட பகுதியிலும் மிகுதியாகக் கிடைத்தன. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளும் சேதுவைத் தம் அடையாளமாகக் கொண்டவர்கள். கேகாலைப் பக்கத்துக் கொட்டகமத் தமிழ்க் கல்வெட்டு ‘சேது’ என்றே தொடங்குகிறது. கோட்ரிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணய நூலிலும், இராசநாயக முதலியார் முதலானோர் எழுத்துகளிலும் இவை யாழ்ப்பாண அரசின் காசுகளாக நிலைபெற்றன. எழுத்து ஒரு திசையைக் காட்டியது. கிடைத்த இடம் அதைத் திருத்தியது. எந்தக் காசு எங்கே கிடைத்தது என்று எவரோ எழுதி வைத்திராவிட்டால் அந்தத் திருத்தம் நிகழ்ந்திருக்காது.

தமிழகத்தில் மிக எளிதாகக் கிடைக்கும் இராசராசன் செப்புக் காசில் வேறொரு பாடம் உண்டு. ஒருபுறம் நிற்கும் உருவம். மறுபுறம் அமர்ந்த உருவம், அதன் கையருகே நாகரியில் ‘ஸ்ரீ ராஜராஜ’. இதே அமைப்பில் பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், லீலாவதி, சாகசமல்லன் முதலிய இலங்கை அரசர்கள் பிறகு காசு வெளியிட்டார்கள். தேய்ந்த காசில் உருவங்களைப் பார்த்து வேறுபாடு சொல்ல இயலாது. சாய்வான வெளிச்சத்தில் வைத்து, அமர்ந்த உருவத்துக்குப் பக்கத்திலுள்ள நாகரி எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் ‘ரா’வுக்குப் பின் ‘ஜ’ வருகிறதா, வேறெதுவுமா என்று தெரியும். அதைச் செய்யாமல் மனித உருவம் கண்டதெல்லாம் இராசராசன் காசு என்று எழுதி வைத்த பெட்டிகள் நிறைய இருக்கின்றன.

4. கரூர் ஆற்றுமணல்

சங்ககாலக் காசுகள் பற்றிய எந்த நூலைத் திறந்தாலும் ‘கரூர், அமராவதி ஆற்றுப்படுகை’ என்ற குறிப்பு திரும்பத் திரும்ப வரும். சேரர் காசுகள், உரோமானியக் காசுகள், மோதிரங்கள், முத்திரைகள் எனப் பலவும் அங்கிருந்து வந்ததாகக் குறிக்கப்படுகின்றன. கரூரில் கிடைத்த, உரோமானியம் அல்லாத அயல்நாட்டுப் பழங்காசுகளுக்கென்றே கிருஷ்ணமூர்த்தி 2000இல் தனி நூல் வெளியிட்டார். சேரர் தலைநகர் வஞ்சி கரூரா, கொடுங்கல்லூரா என்ற பழைய விவாதத்தில் இக்காசுகள் கரூருக்கு ஆதரவான சான்றாகப் பயன்படுத்தப்படுகின்றன.

இந்தக் குறிப்பு எவ்வளவு எடை தாங்கும்? ஆற்றில் அரித்தவர் வணிகரிடம் சொன்னது, வணிகர் சேகரிப்பாளரிடம் சொன்னது, சேகரிப்பாளர் நூலில் எழுதியது என்று அது மூன்று வாய்கள் கடந்து வருகிறது. கடைசியில் எழுதியவரின் நேர்மையில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. இடையில் இருப்பவருக்கோ ஊர்ப்பெயர் சரக்கின் ஒரு பகுதி. கரூர்ச் சேரர் காசு புகழ்பெற்றபின், வேறிடத்தில் வாங்கிய காசையும் கரூர்க் காசு என்று சொல்வதால் அவருக்கு ஆதாயம் உண்டு, இழப்பில்லை. உண்மையாகவே அங்கு கிடைத்ததாக இருந்தாலும், ஆற்றுமணலில் மண்ணடுக்கு என்று ஒன்றில்லை. சேரர் காசும் நாயக்கர் காலக் காசும் ஒரே சல்லடையில் சேர்ந்து வரும்.

இப்படிச் சொல்வதால் கரூர்ச் சான்று முழுவதையும் தள்ளிவிட வேண்டும் என்று கொள்ளலாகாது. கரூருக்கு அருகிலுள்ள புகழூர்க் கல்வெட்டு இரும்பொறை மரபின் மூன்று தலைமுறைகளைப் பெயர் சுட்டிச் சொல்கிறது. அது பாறையில் இருக்கிறது; யாரும் இடம் மாற்றியிருக்க முடியாது. அக்கல்வெட்டும் பொறை என்று முடியும் காசுப் பெயர்களும் ஒரே வட்டாரத்தில் அமைவது தற்செயல் அன்று. கேரளத்துப் பட்டணம் அகழாய்விலும் சேரர் செப்புக் காசுகள் மண்ணடுக்கிலிருந்தே கிடைத்திருக்கின்றன. ஆண்டிப்பட்டியில் கிடைத்த ஈயக் காசுகள் இன்னொரு வகையில் உதவுகின்றன. செங்கம் பகுதியில் ஒரே புதையலாகக் கிடைத்து அரசின் கைக்கு வந்ததால், அவற்றிலுள்ள ‘சேந்தன்’ என்ற பெயரையும் அப்பகுதி வரலாற்றையும் தயக்கமின்றி இணைத்துப் பேச முடிகிறது.

ஆகவே நான் கைக்கொள்ளும் அளவுகோல் இது: ஒரு காசு வகை தொடர்பில்லாத பல கைகளில், வெவ்வேறு அச்சுகளில், வெவ்வேறு அளவு தேய்மானத்தோடு காணப்பட்டால் அதை நம்பலாம். யானை-மீன் காசுகளும் வில்-அம்பு காசுகளும் இந்தச் சோதனையில் தேறுகின்றன. ஒரே ஒரு படி மட்டும் அறியப்பட்ட, சந்தையில் வாங்கிய, இதுவரை யாரும் கேள்விப்படாத பெயர் பொறித்த காசு வந்தால், அதை வைத்து அரச மரபுப் பட்டியலைத் திருத்தக் கூடாது. இரண்டாவது படி வரும்வரை அது காத்திருக்க வேண்டும்.

இலங்கையிலும் காசுகள் சேகரிப்பாளர் வழியே அறியப்பட்டதுண்டு. திசமகாராமையை அடுத்த அக்குருகொடையில் கிடைத்த பிராமி எழுத்துள்ள ஈயக் காசுகளை, தொல்லியலாளர் ஒஸ்மண்ட் போபேயாராச்சியும் சேகரிப்பாளர் ராஜா விக்கிரமசிங்கவும் சேர்ந்து 1999இல் வெளியிட்டார்கள். தமிழ்ப் பெயர்களும் காணப்படும் அத்தொகுதி அறியக் கிடைத்ததற்கு அந்தக் கூட்டுழைப்பே காரணம். சேகரிப்பாளரும் ஆய்வாளரும் ஒரே அட்டையில் பெயர் போடுவது நம் பக்கத்தில் அரிது. நடக்க வேண்டியது அதுதான்.

5. வெட்டுப்பட்ட தங்கம்

விலையும் சான்றும் எதிரெதிர்த் திசையில் செல்வதைக் காட்டும் மிகத் தெளிவான தொகுதி புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கிடைத்தது. 1898இல் அச்சமஸ்தானத்தில் வெளிப்பட்ட புதையலில் 501 உரோமானியத் தங்கக் காசுகள் இருந்தன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் ஹில் அவற்றை ஆராய்ந்து எழுதினார். பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட காசுகளில் பேரரசரின் தலைமீது உளியால் ஆழமாக வெட்டப்பட்டிருந்தது. மிகப் பிந்திய காசுகள் வெஸ்பேசியன் ஆட்சியைச் (கி.பி. 69–79) சேர்ந்தவை, எனவே அதற்குப் பிறகே அது புதைக்கப்பட்டது.

வெட்டு எதற்கு? உள்ளே செம்பு வைத்து மேலே தங்கம் பூசியதா என்று சோதிக்கப் போட்ட வெட்டு என்பது ஒரு விளக்கம். சோதனைக்கு ஓரத்தில் சிறு கீறல் போதுமே, முகத்தின் குறுக்கே ஏன் என்ற கேள்வி அதை வலுவிழக்கச் செய்கிறது. இனி இது காசாகப் புழங்கக் கூடாது, எடைக்குத் தங்கமாக மட்டுமே மதிக்கப்பட வேண்டும் என்று செல்லாததாக்கிய வெட்டு என்பது இரண்டாவது விளக்கம். அயல் அரசன் உருவத்தை ஏற்க மறுத்த உள்ளூர் ஆட்சியின் செயல் என்பது மூன்றாவது. எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. ஒரே புதையலில் இவ்வளவு ஒழுங்காக, ஒரே இடத்தில் வெட்டு விழுந்திருப்பது ஒரு நிர்வாக முடிவைக் காட்டுகிறது. எந்த விளக்கத்தை ஏற்றாலும், 501 காசுகளும் ஒன்றாக எண்ணப்பட்டதால்தான் இந்த விவாதமே சாத்தியமாயிற்று.

இப்புதையல் இன்று யாரிடமோ அகப்பட்டுத் தனித்தனியாக விற்கப்படுவதாகக் கொள்வோம். வெட்டுப்படாத சில காசுகள் உயர்ந்த விலைக்குப் போகும். வெட்டுப்பட்டவை ‘சேதமடைந்தவை’ என்ற குறிப்போடு குறைந்த விலைக்குப் போகும். சில உருக்கவும் படலாம். எது தமிழக வரலாற்றுக்கு மட்டுமே உரிய தடயமோ, எது இக்காசை உரோமிலுள்ள ஆயிரம் காசுகளிலிருந்து வேறுபடுத்துகிறதோ, அதைச் சந்தை குறை என்று கணக்கிடுகிறது.

6. விலை எப்படி உருவாகிறது

பழங்காசின் விலை வயதைப் பொறுத்ததன்று. இதைப் புதிதாகச் சேகரிக்க வருவோர் நம்ப மறுக்கிறார்கள். ஆயிரம் ஆண்டு வயதான இராசராசன் செப்புக் காசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது; நூறாண்டு ஆகாத 1939ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் அதைப் போல் பல மடங்கு விலை பெறுகிறது. முதலாவது ஏராளமாக எஞ்சியிருக்கிறது. இரண்டாவதில் எஞ்சியவை மிகக் குறைவு. அருமை, காசின் நிலை, வாங்குவோர் எண்ணிக்கை, இதுவரை யாரிடம் இருந்தது என்ற வரலாறு ஆகியவை சேர்ந்தே விலை அமைகிறது. காசில் உள்ள ஆண்டுகூட எப்போதும் அடித்த ஆண்டாக இருப்பதில்லை: விக்டோரியா உருவமுள்ள ரூபாயில் 1862 என்ற ஆண்டு பத்தாண்டுக்கும் மேலாக மாற்றப்படாமல் இருந்தது, அவற்றைப் பிரித்தறியப் புள்ளிகளையும் உருவத்தின் நுண்வேறுபாடுகளையும் பார்க்க வேண்டும்.

இந்த அடிப்படை தெரியாதவர்களைக் குறிவைத்தே ‘பழைய ஐந்து ரூபாய்க்கு ஐந்து லட்சம்’ வகை விளம்பரங்கள் வருகின்றன. தன் பெயரைப் பயன்படுத்திப் பழைய காசு, நோட்டு விற்பனைக்குக் கட்டணம் கேட்கும் மோசடிகள் நடப்பதாக ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் போட்டு, இராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறித்த கனத்த செப்பு வில்லைகளும் அப்படியே. கம்பெனி அப்படிக் காசு வெளியிடவில்லை. அவை பிற்காலத்துச் செய்பொருள்கள்.

சங்ககாலக் காசுகளில் விலையை உயர்த்துவது எழுத்து. யானை-மீன் மட்டும் உள்ள காசுக்கும் பெயர் பொறித்த காசுக்கும் இடையேயுள்ள விலை வேறுபாடு போலிக்காரரை இழுக்கிறது. அச்சில் வார்த்த போலியை ஓரளவு பயிற்சியில் கண்டுபிடிக்கலாம்: பரப்பில் நுண்குழிகள், விளிம்பில் ஒட்டு, மழுங்கிய வரைகள். உண்மையான பழைய செப்புக் காசில் புதிதாக எழுத்தைச் செதுக்குவதுதான் பெரிய ஆபத்து. எடை சரியாக இருக்கும், உலோகம் சரியாக இருக்கும், மறுபக்கம் உண்மையாகவே பழையதாக இருக்கும். இங்கே உருப்பெருக்கியில் பார்க்க வேண்டியது எழுத்தின் அடிவாரத்தை. அச்சுக்குத்திய காசில் எழுத்து புடைத்து நிற்கும். சுற்றியுள்ள தளம் ஒரே சீராக இருக்கும். புடைப்பு எழுத்தைப் பின்னாளில் உண்டாக்க வேண்டுமானால் சுற்றுத் தளத்தைச் சுரண்டித் தாழ்த்த வேண்டும். அந்த இடத்தில் களிம்பு அறுந்து, எழுத்தைச் சுற்றி மட்டும் ஒரு பள்ளம் தெரியும்.

ஆகவேதான் களிம்பு முக்கியமாகிறது. பச்சையும் கருமையுமாகப் படிந்த அந்த மேற்படலம் நூற்றாண்டுகளாக உருவானது. காசின் உண்மைத் தன்மைக்கு அதுவே முதல் சாட்சி. விற்பவரோ புளியாலும் அமிலத்தாலும் தேய்த்துப் பளபளவென்று நீட்டுகிறார், ஏனெனில் எழுத்து தெரிந்தால்தான் வாங்குபவர் பணம் எடுக்கிறார். வாங்குபவர் கேட்பதையே விற்பவர் செய்கிறார் என்பதால், இதில் முதல் பொறுப்பு வாங்குபவருடையது என்பேன். தேய்த்த காசுக்குக் குறைவாகவும் தேய்க்காத காசுக்குக் கூடுதலாகவும் கொடுக்கத் தொடங்கினால் இந்தப் பழக்கம் நிற்கும்.

7. சட்டம் வைக்கும் விலை

சந்தை, வரலாறு ஆகிய இரண்டோடு மூன்றாவதாக ஒரு மதிப்பீடும் இருக்கிறது: சட்டத்துடையது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அரசு அதைக் கையகப்படுத்த விரும்பினால், பொருளின் உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். தங்கப் புதையலுக்கு இது ஓரளவு நியாயமான தொகை. செப்புக் காசுக்கு? சில கிராம் செம்பின் விலையும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்ந்தால் ஒரு தேநீருக்குக்கூடக் காணாது. அதே காசை வணிகரிடம் கொடுத்தால் பல நூறு, சமயத்தில் பல ஆயிரம். உழுதபோது காசு கண்டெடுத்த விவசாயி எதைத் தேர்வார் என்பதை யூகிக்க வேண்டியதில்லை.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத வயதுள்ள காசையும் தொல்பொருள் என்று வரையறுக்கிறது. தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பத் தடை விதிக்கிறது. தொல்பொருள் வணிகத்துக்கு உரிமம் வேண்டும் என்கிறது. நோக்கம் சரியானது. ஆனால் இரு சட்டங்களும் சேர்ந்து கண்டெடுத்தவரிடம் உண்டாக்கும் அச்சம், அவர் முதலில் மறைப்பது எதை என்பதைத் தீர்மானிக்கிறது. காசை அவர் விற்றுவிடுகிறார். கிடைத்த இடத்தைத்தான் மறைக்கிறார். வரலாற்றுக்கு ஈடு செய்ய முடியாத இழப்பு அதுவே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1997 முதல் இயங்கும் பதிவுத் திட்டத்தில், பொதுமக்கள் கண்டெடுத்த பொருளைத் தாமே கொண்டுவந்து காட்டுகிறார்கள். இடம், அளவு, படம் பதிவாகின்றன. பெரும்பாலான பொருள்கள் அவர்களிடமே திரும்பிச் செல்கின்றன. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள் அப்படிச் சேர்ந்துள்ளன. தமிழகத்தில் பல மாவட்டங்களில் அருங்காட்சியகங்கள் உள்ள நிலையில், இதைத் தொடங்கப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. உலோக மதிப்பை அடிப்படையாகக் கொண்ட இழப்பீட்டு முறையை மட்டும் மாற்றியாக வேண்டும்.

8. சேகரிப்பாளர்களுக்கு

கீழடியில் 2021இல் ஒரே ஒரு வெள்ளி முத்திரைக் காசு கிடைத்தபோது அது மாநிலம் முழுதும் செய்தியானது. அதே வகைக் காசுகள் தமிழகச் சேகரிப்பாளர்களிடம் பெட்டி பெட்டியாக இருக்கின்றன, அவை செய்தியாவதில்லை. எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்ற விவரமே கீழடிக் காசுக்கு அந்தத் தகுதியைத் தந்தது. தனியார் பெட்டியிலுள்ள காசுக்கு முழுமையாக அந்தத் தகுதியை இனித் திருப்பித் தர முடியாது. ஆனால் மிச்சமிருப்பதைக் காக்க முடியும், அதற்கு அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே காசு சேகரிக்கும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்டுக்கொள்வது இது. காசு வாங்கிய அன்றே ஒரு சீட்டு எழுதுங்கள். யாரிடம் வாங்கியது, அவர் எங்கே கிடைத்ததாகச் சொன்னார், அதே நாளில் அதே கையிலிருந்து வேறு என்னென்ன காசுகள் வந்தன என்பவற்றைக் குறியுங்கள். விற்பவர் சொன்ன ஊர்ப்பெயரை ‘சொன்னது’ என்றே எழுதுங்கள், ‘கிடைத்தது’ என்று எழுத வேண்டாம். எடையை மில்லிகிராம் வரையிலும், விட்டத்தை மில்லிமீட்டரிலும், இரு பக்கப் படத்தையும் சேருங்கள். சேர்ந்து வந்த தொகுதியைப் பிரிக்காதீர்கள். அழகான இரண்டை வைத்துக்கொண்டு மீதியை மாற்றிக்கொள்ளும் பழக்கம் ஒரு புதையலின் வரலாற்றை அழித்துவிடும். களிம்பைத் தொடாதீர்கள். எழுத்துள்ள புதிய காசு கிடைத்தால், விற்பதற்கு முன் படத்தையாவது ஒரு நாணயவியல் ஆய்விதழுக்கு அனுப்புங்கள். அந்தச் சீட்டுகளின் படி ஒன்றை உங்கள் மாவட்ட அருங்காட்சியகத்திலோ பல்கலைக்கழகத் தொல்லியல் துறையிலோ கொடுத்து வையுங்கள். உங்களுக்குப் பின் அந்தப் பெட்டியை யார் திறந்தாலும், எந்த விலைக்கு விற்றாலும், அதிலுள்ள காசுகளைச் சான்றாகப் பயன்படுத்த ஆய்வாளனுக்கு அந்தப் படி கைகொடுக்கும்.